சிறிய சைவ உணவகத்தில் சரக்கு, காபி, சம்பளச் செலவுகளைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் அறுபது, எழுபது பேர் அமரக்கூடிய சைவ உணவகம் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்காகவும், குடும்ப உணவகத்தின் கணக்கை முதன்முறையாகக் கையில் எடுத்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கல்லா நாள்தோறும் நிறைகிறது, ஆனால் மாதக் கடைசியில் மளிகைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்ற நிலையில் நாங்களும் வெகுகாலம் ஓட்டினோம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்லித்தர அப்போது யாரும் கிடைக்கவில்லை.

பேரம் பேசிக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து வாங்குவதால் மிஞ்சும் பணத்தைவிட, யாரும் அளந்து பார்க்காத இடங்களில் போகும் பணம் மிக அதிகம். இரண்டாம் முறை ஊற்றும் சாம்பார், பில் போடாத காபி, ஆட்களின் மூன்று வேளைச் சாப்பாடு, திரும்பக் கிடைக்காத ஜி.எஸ்.டி. ஆகியவையே அந்த இடங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அவற்றை அளவுக்குள் கொண்டுவருவதற்கானவை. நான் தரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை; உங்கள் பில்லில் உள்ள விலையை அந்த இடத்தில் இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

1. விற்பனைத் தொகையைப் பிரித்து எழுதுங்கள்

எல்லா விகிதங்களும் விற்பனையை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன என்பதால், விற்பனை எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வாடிக்கையாளர் 105 ரூபாய் கொடுத்தால் அதில் 5 ரூபாய் அரசுக்குப் போக வேண்டிய ஜி.எஸ்.டி.; உங்கள் விற்பனை 100 ரூபாய்தான். கல்லாப் பணம் முழுவதையும் விற்பனையாக எழுதினால் செலவு விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வரியைத் தனி வங்கிக் கணக்கிற்கு வாரம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. அது கல்லாவிலேயே கிடந்தால் காய்கறிக்குச் செலவாகிவிடும்.

பில் போடும் இயந்திரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, பார்சல், செயலி வழியாக வரும் ஆர்டர் ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்பில் பதிவு செய்யுங்கள். காபி, டீ, ஜூஸ் ஆகியவற்றுக்கும் தனித் தலைப்பு வேண்டும். பிறகு பிரிப்பது மிகவும் கடினம்; தொடங்கும் நாளிலேயே மென்பொருள்காரரிடம் சொன்னால் அரைமணி நேர வேலை.

2. சரக்கு வாசலில் இறங்கும்போதே எடை போடுங்கள்

இரண்டு மின்னணுத் தராசுகள் வாங்குங்கள். மூட்டை, பெட்டி வைக்க 100 கிலோ தாங்கும் மேடைத் தராசு ஒன்று. சமையலறைக்குக் கிராம் கணக்கில் காட்டும் சிறிய தராசு ஒன்று. இரண்டும் சேர்ந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் மாதத்திலேயே அந்தப் பணம் திரும்பிவிடும் என்று தயங்காமல் சொல்வேன்.

எடைபோடாமல் இறக்கப்படும் வெங்காய மூட்டையில் சாக்கின் எடையும், தக்காளிப் பெட்டியில் பெட்டியின் எடையும் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். ஊருக்கு ஊர் பெட்டியின் அளவே மாறும் என்பதால், பெட்டி விலையைக் கேட்டு முடிவெடுக்காமல் கிலோ விலைக்கு மாற்றிப் பாருங்கள்.

எண்ணெய் டின்னில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 15 கிலோ டின், 15 லிட்டர் டின் என இரண்டும் சந்தையில் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13.65 கிலோ. டின் ஒன்றுக்கு நூறு ரூபாய் குறைவு என்று யாராவது சொன்னால், மேலே எழுதியிருப்பது கிலோவா லிட்டரா என்று படித்துவிட்டுப் பேசுங்கள். இரண்டுக்கும் இடையே 1.35 கிலோ எண்ணெய் இருக்கிறது.

அடுத்தது வரி. உணவகங்கள் பொதுவாக 5 சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கின்றன, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள தங்கும் விடுதிகளில் இயங்கும் உணவகங்களுக்கு மட்டும் வேறு கணக்கு. இந்த 5 சதவீத முறையில், நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது வணிக எரிவாயு சிலிண்டருக்கும் கடை வாடகைக்கும் நீங்கள் கட்டும் 18 சதவீதமும் எண்ணெய்க்குக் கட்டும் 5 சதவீதமும் உங்கள் செலவுதான். கொள்முதலை வரி நீங்கலாக எழுதும் பழக்கம் மற்ற வியாபாரத்திலிருந்து வந்தவர்களிடம் அதிகம். இங்கே அப்படி எழுதக்கூடாது. வரியோடு சேர்த்தே எழுதுங்கள்.

இந்தப் படிக்குத் தேவையான ஆவணங்கள் மூன்று: தேதி, பொருள், பில் எடை, நாம் போட்ட எடை, விலை, கையொப்பம் என்ற பத்திகளுடன் ஒரு சரக்கு வரவுப் புத்தகம், கடைக்காரரின் பில், பில் கொடுக்காத மார்க்கெட் வியாபாரிகளுக்கு நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கும் வவுச்சர். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மறுக்க இடமுண்டு. விவசாயியிடம் நேரடியாக வாங்கும் விளைபொருள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு இருக்கிறது. ஆகவே பெரிய தொகைகளை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ஆர்டர் சொல்பவர், எடைபோட்டு இறக்குபவர், பணம் கொடுப்பவர் என மூவரும் ஒருவராக இருக்கவே கூடாது. சின்ன இடம், ஆள் இல்லை என்பீர்கள். ஆர்டர் சொல்பவர் எடைபோடக் கூடாது என்ற ஒன்றையாவது கடைப்பிடியுங்கள்.

முகூர்த்த நாட்களில் வாழையிலை, தேங்காய், காய்கறி எல்லாம் ஏறும். தலைவாழை இலையின் விலை பல மடங்காவதும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்து, கெடாத பொருட்களை முந்தைய வாரமே வாங்கி வையுங்கள். இலைக்கு மட்டும், ஆண்டு முழுவதும் ஒரே விலை என்று ஒரு வியாபாரியிடம் பேசி முடிப்பது எங்களுக்கு நன்றாகவே பயன்பட்டது.

3. சரக்கு அறைக்குப் பூட்டும் சீட்டும் வேண்டும்

சமையல் மாஸ்டர் தேவையானதை எழுதிக் கொடுக்க வேண்டும்; சரக்கு அறையின் சாவி வைத்திருப்பவர் எடைபோட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை இன்டென்ட் சீட்டு என்போம். மாஸ்டர்கள் முதல் வாரம் முறுக்கிக்கொள்வார்கள், குறிப்பாக அனுபவம் மிக்கவர்கள். தங்களைச் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். சரக்கு தீர்ந்தது தெரியாமல் பாதியில் ஓட வேண்டியிராது என்று எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்; பெரும்பாலும் அது உண்மையும்கூட.

மாதக் கடைசி இரவில், கடை மூடிய பிறகு, முழு இருப்பையும் எடுங்கள். உடைத்த மூட்டை, பாதி டின், ஃபிரிட்ஜில் உள்ள பன்னீர், அரைத்து வைத்த மாவு அனைத்தும் இதில் சேரும். முதல் தடவை மூன்று மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் ஒரு மணி நேரம் போதும். முந்திரி, நெய், காபித் தூள், பன்னீர், எண்ணெய் ஆகிய ஐந்தையும் மட்டும் வாரம்தோறும் எண்ணுங்கள். விலை கூடியவையும் எளிதில் வெளியே போகக் கூடியவையும் இவைதான்.

4. ஒவ்வொரு பண்டத்துக்கும் அளவுச் சீட்டு எழுதுங்கள்

ஒரு பண்டத்தில் எந்தப் பொருள் எவ்வளவு போகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்று எழுதி வைப்பதே அளவுச் சீட்டு. இந்தப் படிதான் அதிக நேரம் எடுக்கும். நாளுக்கு இரண்டு பண்டம் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது பண்டங்கள் உள்ள பட்டியலை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம். மாஸ்டரின் கைக்கணக்கை மாற்றச் சொல்லாதீர்கள். அவர் வழக்கம்போல அள்ளிப் போடட்டும், போடுவதற்கு முன்னும் பின்னும் நீங்கள் பாத்திரத்தை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு இட்லி கொண்ட ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசி 45 ரூபாய், கால் கிலோ உளுந்து 32.50 ரூபாய், உப்பு, வெந்தயம் 1.50 ரூபாய் என மொத்தம் 79 ரூபாய். 60 கிராம் மாவு ஊற்றினால் இதில் சுமார் 55 இட்லி வரும். ஆக ஓர் இட்லிக்கு 1.44 ரூபாய், இரண்டுக்கு 2.90 ரூபாய். நாற்பது ரூபாய்க்கு விற்கும் தட்டில் மூன்று ரூபாய்கூடச் செலவில்லை என்று இந்த இடத்தில் மகிழ்ந்துவிடாதீர்கள்.

இரண்டாம் முறை ஊற்றுவதையும் சேர்த்துச் சாம்பார் 200 மில்லி; துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், புளி, பொடி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து லிட்டர் 30 ரூபாய் என்றால் இது 6 ரூபாய். தேங்காய்ச் சட்னி 60 கிராம், 5 ரூபாய். காரச் சட்னி 40 கிராம், 3 ரூபாய். தொட்டுக்கொள்வதற்கு மட்டும் 14 ரூபாய், அதாவது இட்லியின் விலையைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு! தட்டின் மொத்தச் செலவு 17 ரூபாய். விற்பனையில் 42 சதவீதம். 2025இல் தேங்காய் விலை ஏறியபோது, அரிசி விலையையே பார்த்துக்கொண்டிருந்த உணவகங்களுக்குப் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

60 கிராம் சட்னி, பரிமாறும் சப்ளையரின் கையில் 90 கிராம் ஆனால் தட்டுக்கு 2.50 ரூபாய் கூடும். நாளுக்கு 200 தட்டு என்றால் 500 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய். இதற்காகச் சட்னி கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தொடங்கினால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். கேட்டவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் 30 மில்லி கொள்ளும் சிறு கரண்டியில் கொடுங்கள். சட்னி வாளியில் குழம்புக் கரண்டி கிடந்தால் அதை எடுத்துவிடுவதே இந்தக் கட்டுரையில் உள்ள மிக மலிவான சீர்திருத்தம். தேங்காய்ச் சட்னியைக் காலையிலேயே மொத்தமாக அரைத்து வைக்காமல் இரண்டு மூன்று தவணையாக அரைக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்குப் புளித்துக் கொட்டும் சட்னி எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை.

அளவில்லாச் சாப்பாட்டுக்குத் தட்டுக் கணக்கு ஒத்துவராது. அங்கே மொத்தமாகப் பாருங்கள்: அன்று வடித்த அரிசியை அன்று விற்ற டோக்கன் எண்ணிக்கையால் வகுங்கள். 14 கிலோ அரிசி, 80 சாப்பாடு என்றால் ஒன்றுக்கு 175 கிராம். இந்த எண் நாள்தோறும் கொஞ்சம் ஏறி இறங்கும். திடீரென்று 210க்குப் போனால் சோறு மிஞ்சிக் கொட்டப்பட்டிருக்கிறது அல்லது டோக்கன் போடாமல் சாப்பாடு போயிருக்கிறது என்று பொருள்.

மதியம் ஒன்றரை மணிக்கு இலை எடுத்துப் போடும் தொட்டியின் அருகே கால்மணி நேரம் நில்லுங்கள். எந்தக் கூட்டு, எந்தப் பொரியல் தொடப்படாமல் திரும்பி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எங்கள் இடத்தில் முட்டைக்கோஸ் பொரியல் போடும் நாளெல்லாம் இலையில் அப்படியே திரும்பியது. அதைப் பாதி அளவு வைத்ததில் யாரும் குறை சொல்லவில்லை.

எண்ணெய்ச் சட்டி பற்றி ஒரு சொல். வடை, பஜ்ஜி எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெட்டு அதில் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதைத் தாண்டிய எண்ணெய் வடையில் கூடுதலாக ஏறவும் செய்யும். பழைய எண்ணெயை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் விற்று ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

5. காபிக்குத் தனிக் கணக்கு வையுங்கள்

காபியில் லாபம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். தூள் விலை குறைவாக இருந்த காலத்தில் அது உண்மை. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு டம்ளருக்குப் பால் 90 மில்லி. லிட்டர் 60 ரூபாய், காய்ச்சும்போது 5 சதவீதம் சுண்டும் என்று வைத்தால் 5.68 ரூபாய். தூள் 8 கிராம், கிலோ 700 ரூபாய் என்றால் 5.60 ரூபாய். சர்க்கரை 8 கிராம், 37 பைசா. மொத்தம் 11.65 ரூபாய். முப்பது ரூபாய்க்கு விற்றால் 39 சதவீதம். இருபத்தைந்துக்கு விற்றால் 47 சதவீதம். சிக்கரி கூடிய தூளுக்கு மாறி விலையைக் குறைக்கலாம் என்று ஆலோசனை வரும். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஒருபுறமிருக்க, சுவை மாறியதை அன்றாட வாடிக்கையாளர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கட்டுப்பாடு டிகாஷனில் இருக்கிறது. ஒரு ஃபில்டருக்கு 250 கிராம் தூள், அதிலிருந்து 1.1 லிட்டர் டிகாஷன், அதில் டம்ளருக்கு 35 மில்லி வீதம் 31 காபி என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். டிகாஷன் பாத்திரத்தின் உள்ளே 1.1 லிட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் மாஸ்டருக்கும் எளிது. ஒரு கிலோ தூளுக்கு 125 காபி பில் ஆக வேண்டும். 105தான் ஆகிறது என்றால், மீதி 20 காபி ஆட்கள் குடித்தது, கொட்டியது, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தது. நாளுக்கு இரண்டு கிலோ தூள் ஓடும் கடையில் இது 466 ரூபாய், மாதத்துக்குப் பதினான்காயிரம். ஆட்களுக்குக் காபி கொடுக்க வேண்டாம் என்பதல்ல. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நிர்ணயித்து, அதற்கும் விலையில்லா பில் ஒன்று போட்டுவிடுங்கள். அப்போதுதான் அது சம்பளச் செலவில் போய்ச் சேரும், காபிச் செலவில் மறைந்திருக்காது.

ஜூஸில் கவனிக்க வேண்டியது பழத்தின் தோலும் கொட்டையும். ஒரு கிலோ சாத்துக்குடியில் எத்தனை மில்லி சாறு வருகிறது என்பதை வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். வெயில் காலத்துப் பழமும் மழைக் காலத்துப் பழமும் ஒன்றல்ல.

6. மாதக் கணக்கை ஐந்தாம் தேதிக்குள் முடியுங்கள்

தொடக்க இருப்பு, அதனுடன் கொள்முதல், அதிலிருந்து இறுதி இருப்பு கழித்தால் வருவது நுகர்வு. அதிலிருந்து ஆட்களின் சாப்பாட்டு மதிப்பைக் கழித்தால் கிடைப்பதுதான், தொழிலில் புட் காஸ்ட் என்று சொல்லப்படும் உண்மையான சரக்குச் செலவு.

ஓர் எடுத்துக்காட்டு. வரி நீங்கலாக மாத விற்பனை 12,00,000 ரூபாய். தொடக்க இருப்பு 1,40,000, கொள்முதல் 5,10,000, இறுதி இருப்பு 1,25,000. நுகர்வு 5,25,000. பதினெட்டு பேருக்கு நாளுக்கு 90 ரூபாய் வீதம் முப்பது நாள் சாப்பாடு 48,600. மீதி 4,76,400 ரூபாய், விற்பனையில் 39.7 சதவீதம்.

இந்த எண்ணை அளவுச் சீட்டுகளின்படி வர வேண்டிய எண்ணோடு ஒப்பிடுங்கள். விற்ற ஒவ்வொரு பண்டத்தின் எண்ணிக்கையையும் அதன் சீட்டுச் செலவால் பெருக்கிக் கூட்டினால் அது கிடைக்கும். சீட்டுப்படி 36 வர வேண்டும், கையில் 39.7 வருகிறது என்றால் இடையில் உள்ள 3.7 சதவீதம், அதாவது 44,400 ரூபாய், வீணாகிறது அல்லது திருடு போகிறது அல்லது பில் ஆகாமல் போகிறது. ஒன்றிரண்டு சதவீத வேறுபாடு எந்தச் சமையலறையிலும் இருக்கும். அதற்கு மேல் போனால், சீட்டு இல்லாமல் சமையலறையிலிருந்து தட்டு வெளியே வருகிறதா, ரத்து செய்யப்பட்ட பில்கள் ஒரே ஆளின் நேரத்தில் கூடுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

சதவீதத்தை மட்டும் துரத்துவதும் ஆபத்துதான். 120 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 54 ரூபாய் செலவு, 45 சதவீதம். கையில் மிஞ்சுவது 66 ரூபாய். காபி 39 சதவீதம்தான், ஆனால் மிஞ்சுவது 18 ரூபாய். மதிய நேரத்தில் நாற்காலி ஒன்றுக்கு எது தேவை என்பதைச் சதவீதம் சொல்லாது.

7. ஆட்செலவைச் சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள்

‘சாப்பாடு, தங்கும் இடம் உண்டு’ என்று போடாத உணவக வேலை விளம்பரமே இல்லை. ஆனால் கணக்கில் அந்த இரண்டும் ஆட்செலவாக ஏறுவதில்லை. மேலே சொன்ன அதே உணவகத்தில் பதினெட்டு பேரின் சம்பளம் 3,00,000 ரூபாய், விற்பனையில் 25 சதவீதம். சாப்பாடு 48,600, அறை வாடகை 16,000, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 7,150 ஆகியவற்றைச் சேர்த்தால் 3,71,750 ரூபாய், 31 சதவீதம். சரக்கும் ஆட்களும் சேர்ந்து விற்பனையில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. இந்த உணவகத்தில் அது கிட்டத்தட்ட 71. வாடகை, எரிவாயு, மின்சாரம், வட்டி எல்லாம் மீதி 29க்குள் அடங்க வேண்டும் என்றால் முதலாளிக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சட்டப்படியான தொகைகள் இவை. பத்து பேர் வேலைக்கு இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். வரும், தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து முதலாளியின் பங்கு 13 சதவீதம். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்; தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. ஒருமுறை வரம்புக்குள் வந்தபின் ஆட்கள் குறைந்தாலும் வெளியேற முடியாது. ஆகவே தீபாவளி நேரத்துக்கு மட்டும் என்று இருபதாவது ஆளைச் சேர்க்கும் முன் இந்தச் செலவையும் சேர்த்து யோசியுங்கள். ஆளை ஏட்டில் காட்டாமல் வைத்திருக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். சமையலறையில் ஒருவருக்குக் கொதிநீர் கொட்டிவிட்டால் மருத்துவச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

உணவகத் தொழிலுக்குத் தமிழக அரசு நிர்ணயித்துள்ள குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும். தொழிலாளர் துறையின் அறிவிப்பைப் பார்த்து அந்த மாதச் சம்பளத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், சேர்ந்த தேதி, பேசிய சம்பளம் ஆகியவற்றுடன் ஒரு கோப்பு வைத்து, சேரும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் கட்டாயம். மாஸ்டர்கள் கேட்கும் அட்வான்ஸ் தனித் தலைவலி. சேரும்போதே ஐம்பதாயிரம் கேட்பவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்புவாரா என்பது நிச்சயமில்லை. எங்கள் விதி இது: முதல் மூன்று மாதம் அட்வான்ஸ் இல்லை, பிறகு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை, வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயும் இல்லை, பிடித்தம் எத்தனை தவணை என்பது அதே வவுச்சரில் எழுதப்பட வேண்டும்.

ஆட்களைக் குறைப்பதைவிட நேரத்தை மாற்றுவதில் மிச்சம் அதிகம். பில் இயந்திரத்திலிருந்து மணிவாரி விற்பனை அறிக்கையை எடுங்கள். நாளுக்கு 40,000 ரூபாய் விற்பனை, பதினெட்டு பேர் ஒன்பது மணி நேரம் என்றால் 162 ஆள்மணி. ஓர் ஆள்மணிக்கு விற்பனை 247 ரூபாய், செலவு 76 ரூபாய்க்குச் சற்று மேல். இந்தச் சராசரி நன்றாகத் தோன்றலாம். ஆனால் மணிவாரியாகப் பார்த்தால் மாலை மூன்றிலிருந்து நாலரை வரை ஆறு சப்ளையர்கள் சுவரில் சாய்ந்து நிற்பதும், காலை எட்டரைக்குத் தோசைக் கல்லருகே ஆள் போதாமல் மேசைகள் காத்திருப்பதும் தெரியவரும். நடுவே இடைவேளை விட்டு இரு பகுதியாக வரும் ஷிப்ட் சப்ளையர்களில் பாதிப் பேருக்குப் போதும், ஆனால் அருகிலேயே தங்கியிருப்பவர்களுக்குத்தான் அது சரிவரும். தொலைவிலிருந்து வருபவரை அப்படி வைத்தால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார். புது ஆளுக்குப் பழக்கிக்கொடுக்கும் செலவு அதைவிடப் பெரிது. ஆளில்லை என்று ஒருவரையே இரண்டு ஷிப்ட் நிற்க வைத்தால் கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

8. பார்சலையும் செயலிகளையும் தனியே பாருங்கள்

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அதில் அடங்கும். ஆகவே பார்சல் பொருள் மலிவாக இருக்காது. அதன் செலவைப் பண்டத்தின் சீட்டிலேயே தனி வரியாக எழுதுங்கள்.

உணவு விநியோகச் செயலிகளுடனான ஒப்பந்தத்தில் தரகு 22 சதவீதம் என்றிருந்தால், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து உண்மையில் 25.96 சதவீதம் போகும். இந்த வரியும் உங்களுக்குத் திரும்பாது. 100 ரூபாய்ப் பண்டத்தில் இதையும் பார்சல் பொருள் 6 ரூபாயையும் கழித்தால் 68 ரூபாய். சரக்குக்கு 40 போனால் மிஞ்சுவது 28. விளம்பரக் கட்டணமும் தள்ளுபடியில் உங்கள் பங்கும் இதற்குப் பிறகுதான் கழியும். இட்லி, காபி போன்ற சிறு விலைப் பண்டங்களைத் தனித்தனியாக அங்கே வைக்காமல் சேர்த்துக் கட்டிய காம்போவாக மட்டும் வையுங்கள்.

2022 ஜனவரி 1 முதல் செயலி வழி உணவுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யைச் செயலி நிறுவனமே அரசுக்குச் செலுத்துகிறது. உங்கள் கணக்காளர் அதை மீண்டும் ஒருமுறை கட்டிவிடாமல், அந்த விற்பனையைத் தனியாகக் காட்டுகிறாரா என்று மாதம்தோறும் கேளுங்கள்.

9. விலைப் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை திருத்துங்கள்

19 கிலோ வணிகச் சிலிண்டரின் விலை மாதம்தோறும் ஒன்றாம் தேதி மாறுகிறது. ஊதியம் ஏப்ரலில் ஏறுகிறது. காய்கறி விலை எப்போது வேண்டுமானாலும் மாறும். ஒவ்வொன்றுக்கும் விலையை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஏப்ரல் சம்பளக் கணக்கு முடிந்தபின் ஒருமுறை, தீபாவளி முடிந்தபின் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் சைவ உணவகங்களுக்குக் கூட்டம் கூடும். அந்த மாதத்தில் விலை ஏற்றினால் புதிதாக வந்தவர் திரும்ப வரமாட்டார்.

இட்லி, காபி, சாப்பாடு ஆகிய மூன்றின் விலையும் வாடிக்கையாளருக்கு மனப்பாடம். இவற்றில் ஒன்றை மட்டும் ஒருமுறைக்கு மாற்றுங்கள். மற்ற உயர்வுகளை ரோஸ்ட், ஊத்தப்பம், மாலை நேரச் சிற்றுண்டி ஆகியவற்றில் பகிர்ந்து வையுங்கள். புதிய விலையைப் பலகை, பில் இயந்திரம், செயலிகள் ஆகிய மூன்றிலும் ஒரே காலையில் மாற்ற வேண்டும். செயலிகளில் ஒப்புதலுக்கு நேரம் பிடிக்கலாம் என்பதால் அங்கே ஒரு வாரம் முன்பே தொடங்கி, பலகை எழுதுபவரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்.